பெட்டியில் அச்சிட்ட வேகமும் அளந்து பார்த்த வேகமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், பள்ளி மாணவர்களுக்கான ஏர் ரைபிள் பயிற்சி பற்றி வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கிரிக்கெட் அல்லாத ஒரு விளையாட்டுக்கு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் 'எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?' என்ற கட்டத்துக்குள் ஐந்து துப்பாக்கிகளைக் குண்டின் வேகத்தை வைத்து வரிசைப்படுத்தி, வேகம் கூடக் கூடக் குறி தப்பாது என்று எழுதியிருப்பது தவறு. குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் கருவியை 'வசதி படைத்தவர்களின் விளையாட்டுப் பொருள்' என்று ஒரே வரியில் ஒதுக்கியிருப்பது அதைவிடப் பெரிய தவறு. முப்பது ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் என்பதாலும், பத்து மீட்டர் ஏர் ரைபிள் சுடும் ஒரு பெண்ணுக்குத் தாத்தா என்பதாலும் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

என் பேத்தி பிளஸ் ஒன் படிக்கிறாள். சென்ற ஆண்டு மாவட்டப் போட்டிக்கு முந்தைய மாதத்தில், அறுபது குண்டுகள் கொண்ட பயிற்சியில் முதல் நாற்பது நன்றாகவே விழும். அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி, இலக்கைக் கடிகாரமாக நினைத்தால் ஆறு மணி இருக்கும் அடிப்பக்கம் போய்ச் சேரும். மூச்சை அடக்கும் முறை சரியில்லை என்றார் பயிற்சியாளர். சாப்பாடு போதவில்லை என்று என் மருமகள் ராகிக் கூழும் ஊறவைத்த பாதாமும் கொடுத்தாள். கைப்பேசியைப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுவிட்டது என்று நான் என் பங்குக்குத் திட்டினேன். மூன்று வாரம் அந்தப் பிள்ளை அழாத குறை. கடைசியில் எங்கள் துப்பாக்கி சுடும் சங்கத்து உறுப்பினர் ஒருவர் தம்முடைய பழைய குரோனோகிராஃபைக் கொண்டுவந்து குழலுக்கு முன்னால் வைத்தார். விநாடிக்கு 171 மீட்டர், 170, 171, 171, 170 என்று கோடு போட்டது போல வந்துகொண்டிருந்த எண்கள், நாற்பதைத் தாண்டியதும் 168, 166 என்று இறங்கி, ஐம்பதாவது குண்டில் 163-ஐத் தொட்டன.

இந்த வகைத் துப்பாக்கியின் உருளையில் அழுத்தப்பட்ட காற்று 200 பார் வரை நிரப்பப்படுகிறது. அதிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரே அளவு அழுத்தத்தை மட்டும் வெளியே விடுவதற்கு ரெகுலேட்டர் என்ற உறுப்பு உண்டு. உருளையின் அழுத்தம் ரெகுலேட்டர் வைத்திருக்கும் அளவுக்கும் கீழே போய்விட்டால், அதன் பிறகு குண்டுக்குக் குண்டு வேகம் குறைந்துகொண்டேதான் போகும். எங்கள் துப்பாக்கியின் அழுத்தமானியில் முள் பச்சைக் கோட்டிலேயே மாட்டிக்கொண்டு நின்றதால், காற்று தீர்ந்து வருவது யாருக்கும் தெரியவில்லை. மானியை மாற்றினோம். அடுத்த நாளே அறுபது குண்டுகளும் ஒழுங்காக விழுந்தன. குற்றம் மூச்சிலும் இல்லை, கூழிலும் இல்லை. மூன்று வாரம் நாங்கள் தேடியதை அந்தக் கருவி இருபது நிமிடத்தில் காட்டிவிட்டது.

எட்டு மீட்டர் வேகக் குறைவு பத்து மீட்டர் தொலைவில் என்ன செய்துவிடும் என்று வாசகர்கள் கேட்கலாம். கணக்கு எளியது. விநாடிக்கு 171 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு இலக்கை அடைய விநாடியின் 17-இல் ஒரு பங்கு நேரம் ஆகிறது. அந்த நேரத்துக்குள் அது புவியீர்ப்பால் ஏறத்தாழ 16.8 மில்லிமீட்டர் கீழே இறங்கும். வேகம் 163 ஆனால் இறக்கம் 18.5 மில்லிமீட்டர் ஆகிவிடும். வித்தியாசம் 1.7 மில்லிமீட்டர்தான். ஆனால் பத்து மீட்டர் ஏர் ரைபிள் இலக்கின் நடுப்புள்ளியே வெறும் 0.5 மில்லிமீட்டர். வளையத்துக்கு வளையம் 2.5 மில்லிமீட்டர். புள்ளிகளைத் தசமத்தில் கணக்கிடும்போது கால் மில்லிமீட்டருக்கு 0.1 புள்ளி போகிறது. ஆக, சுடுபவர் எந்தத் தவறும் செய்யாமலே, 10.4 எடுக்க வேண்டிய இடத்தில் 9.7 எடுக்கிறார்.

இந்தப் புள்ளிப் பின்னம் எவ்வளவு பெரியது என்பதற்குப் பாரிஸ் போதும். 2024 ஒலிம்பிக்கில் பெண்கள் 10 மீட்டர் ஏர் ரைபிள் தகுதிச் சுற்றில் ரமிதா ஜிந்தால் 631.5 புள்ளிகளோடு ஐந்தாவதாக வந்து இறுதிச் சுற்றுக்குப் போனார். எங்கள் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 630.7 புள்ளிகளோடு பத்தாவதாக நின்றார். முதல் எட்டுப் பேருக்குத்தான் இடம். அறுபது குண்டுகளையும் கூட்டினால் இருவருக்கும் இடையே இருந்தது 0.8 புள்ளி, அதாவது மொத்தமாகவே இரண்டு மில்லிமீட்டர். அந்த நிலையில் விளையாடுபவர்களின் துப்பாக்கியும் குண்டும் எண்ணற்ற முறை சோதிக்கப்பட்டிருக்கும் என்பதால் அங்கே வேகத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. இந்த விளையாட்டில் 'சின்ன வித்தியாசம்' என்று ஒதுக்கக்கூடியது எதுவும் இல்லை என்பதற்காகவே சொல்கிறேன்.

இங்கேதான் உங்கள் கட்டுரை தலைகீழாகப் போகிறது. உலகப் போட்டிகளில் பயன்படும் ஏர் ரைபிள்கள் விநாடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகத்தில் சுடுபவை. கட்டுரையின் பட்டியலில் போட்டால் அவை கடைசி இடத்துக்கும் கீழே போய்விடும். ஜெர்மனியில் 7.5 ஜூல் ஆற்றலுக்கு உட்பட்ட ஏர் துப்பாக்கிகளுக்குச் சட்டத்தில் பெரிய சலுகை உண்டு. ஐங்கோணத்துக்குள் எஃப் என்ற எழுத்து பொறித்திருப்பது அதற்கு அடையாளம். போட்டித் துப்பாக்கி செய்யும் பெயர்பெற்ற நிறுவனங்கள் பல அந்த நாட்டைச் சேர்ந்தவை. 0.53 கிராம் எடையுள்ள வழக்கமான ஈயக் குண்டுக்கு 7.5 ஜூல் என்றால் வேகம் 168 மீட்டர் என்று ஒன்பதாம் வகுப்பு மாணவனே கணக்குப் போட்டுவிடுவான். அதற்கு மேல் வேகம் யாருக்கும் தேவைப்படவும் இல்லை. அந்த 168 என்பது முதல் குண்டிலிருந்து அறுபதாவது குண்டு வரை 168-ஆகவே இருக்க வேண்டும் என்பதுதான் தேவை.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 'விநாடிக்கு 1,000 அடி' என்று அச்சிட்டிருக்கிறார்களே, அதை எந்தக் குண்டைப் போட்டு அளந்தார்கள் என்பது பெரும்பாலும் அச்சிடப்படுவதில்லை. ஈயம் கலக்காத மிக இலேசான உலோகக் குண்டைப் போட்டால் எண் ஏறும். கடையில் நாம் வாங்கும் ஈயக் குண்டைப் போட்டால் இறங்கும். பக்கத்து வீட்டுக்காரர் அப்படி 1,000 அடி என்று எழுதியிருந்த ஸ்பிரிங் துப்பாக்கி ஒன்றை வாங்கினார். 0.53 கிராம் குண்டைப் போட்டுப் பத்து முறை அளந்தோம். சராசரி விநாடிக்கு 235 மீட்டர், அதாவது 771 அடி. அவர் ஏமாந்த முகத்தோடு நின்றார். எனக்கோ, அந்தப் பத்து எண்களும் 226-க்கும் 243-க்கும் இடையே சிதறிக் கிடந்ததுதான் கவலையாக இருந்தது.

சட்டத்துக்கும் இந்த அளவீடு வேண்டியிருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரையோ ஆற்றல் 20 ஜூலையோ தாண்டும் ஏர் துப்பாக்கிகளை உரிமத்துக்குள் கொண்டுவருகின்றன. ஜூலைக் கண்ணால் பார்க்க முடியாது. குண்டின் எடையைத் தராசில் போட்டு, வேகத்தைக் குரோனோகிராஃபில் படித்து, வேகத்தின் வர்க்கத்தை எடையால் பெருக்கிப் பாதியாக்கினால்தான் அது கிடைக்கும். 0.53 கிராம் குண்டு 20 ஜூலைத் தொட விநாடிக்கு 275 மீட்டர் போக வேண்டும், 0.68 கிராம் குண்டுக்கு 243 மீட்டரே போதும். எடையைச் சொல்லாமல் வேகத்தை மட்டும் அச்சிடுவதால் யாருக்கும் பயனில்லை. வாங்குகிறவருக்கும் இல்லை, சோதிக்கிற அதிகாரிக்கும் இல்லை.

கருவியைப் பற்றியும் கொஞ்சம் எழுத வேண்டும், ஏனெனில் அது சொல்வதெல்லாம் வேதவாக்கு என்று நினைப்பதும் தவறு. எங்கள் சங்கத்தில் இருப்பது ஒளியால் இயங்கும் வகை. முப்பது சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு உணரிகள் மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும். குண்டு மேலே போகும்போது விழும் நிழலை முதல் உணரி பார்த்ததும் கடிகாரம் ஓடத் தொடங்கும். இரண்டாவது பார்த்ததும் நிற்கும். 170 மீட்டர் வேகத்துக்கு அந்த இடைவெளி 1.76 மில்லிவிநாடி. உணரிகளுக்கு இடையிலான தூரத்தில் மூன்று மில்லிமீட்டர் பிசகினாலே வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு பிசகிவிடும். அதனால்தான் மடக்கி விரிக்கும் மலிவான கருவியை ஒவ்வொரு முறையும் முழுக்க விரித்துப் பூட்டிவிட்டோமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் நாள் உள்ளரங்கில் அளந்தபோது, திடீரென்று 340 என்று ஓர் எண் வந்தது. அடுத்த குண்டுக்கு எண்ணே வரவில்லை. பேத்தி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். பழைய சோக் வைத்த டியூப் லைட்டுகள் நான்கு எரிந்துகொண்டிருந்தன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த விளக்குகள் விநாடிக்கு நூறு முறை மங்கி மங்கி எரிகின்றன. நம் கண் அதைப் பொருட்படுத்தாது. உணரியோ அந்த மங்கலையும் நிழல் என்றே எடுத்துக்கொள்ளும். வெளியே மணல் மூட்டை அடுக்கிய முற்றத்துக்குப் போனோம். அங்கே உச்சி வெயில் நேராக உணரியின் கண்ணில் அடித்து அதைக் குருடாக்கியது. கடைசியில் என் வெள்ளை வேட்டியை நான்கு மூங்கில் குச்சிகளில் பந்தல் போலக் கட்டி அதன் அடியில் கருவியை வைத்த பிறகுதான், வெளிச்சம் ஒரே சீராகப் பரவி எண்கள் ஒழுங்காயின. விலை கொடுத்து வாங்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு செய்யும் வேலையும் அதுதான். மேகமூட்டமான நாளில் அளப்பது எல்லாவற்றையும்விட உத்தமம்.

இப்போது வரும் கருவிகளுக்கு வெளிச்சம் தேவையில்லை. சாலையில் போலீஸார் வண்டிகளை அளப்பது போன்ற டாப்ளர் ராடார், துப்பாக்கிக்குப் பக்கத்தில் மேசைமேல் இருந்தபடியே குண்டைப் பின்தொடர்ந்து வேகத்தைச் சொல்லிவிடுகிறது. 2023-இல் கார்மின் நிறுவனம் உள்ளங்கையில் அடங்கும் அப்படி ஒரு கருவியைக் கொண்டுவந்தது. விலை எங்கள் சங்கத்துக்கு எட்டாது. வேட்டி போதும்.

குண்டின் வேகத்தை அளப்பது அண்மைக் கால வசதி என்ற தொனியும் கட்டுரையில் இருக்கிறது. கடலூர்க்காரனாகிய எனக்கு இது கொஞ்சம் உறுத்துகிறது. குண்டின் வேகத்தை ஐயத்துக்கு இடமின்றி அளக்க வழி கண்டவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர். 1742-ஆம் ஆண்டிலேயே அதை நூலாக வெளியிட்டார். கனமான மரக்கட்டை பதித்த ஊசலைத் தொங்கவிட்டு அதில் குண்டைச் சுட்டார். குண்டு கட்டைக்குள் புதைந்ததும் ஊசல் பின்னால் ஆடும். அதோடு கட்டிய நாடா எவ்வளவு வெளியே இழுபட்டது என்பதைக் கொண்டு ஆட்டத்தை அளந்து, உந்தம் மாறாது என்ற விதியைப் பயன்படுத்திக் குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். வேகமான குண்டைக் காற்று தடுக்கும் விசை அதுவரை அறிஞர்கள் எண்ணியிருந்ததைவிட மிகப் பெரிது என்பது இந்த ஊசலால்தான் தெரியவந்தது. மாபெரும் கணித மேதை ஆய்லரே அந்த நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்து, தம் விளக்கங்களையும் சேர்த்து 1745-இல் வெளியிட்டார்.

அந்த ராபின்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக இங்கே கோட்டைகளைச் சீரமைக்க அனுப்பப்பட்டு, 1751 ஜூலையில் காய்ச்சலால் இறந்தது எங்கள் தேவனாம்பட்டினத்தில் உள்ள புனித டேவிட் கோட்டையில். அதே கோட்டையை 1690-இல் மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டுக் குண்டு விழுந்த இடம் வரை எல்லை என்று பேசி முடித்தார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப்பெயர் அப்படித்தான் வந்தது என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். குண்டு விழுந்த இடத்தை வைத்து நிலம் அளந்த ஊருக்கு, அறுபது ஆண்டு கழித்து, குண்டு எங்கே விழும் என்று கணக்கிட வழி சொன்னவரே வந்து சேர்ந்திருக்கிறார். அவருக்கு இங்கே ஒரு பலகைகூட இருப்பதாக நான் பார்த்ததில்லை.

ராபின்ஸின் சோதனையை எவரும் இன்றும் செய்து பார்க்கலாம். நூறு கிராம் களிமண் உருண்டையை ஒரு மீட்டர் நூலில் தொங்கவிட்டு, தகுந்த பாதுகாப்போடு சங்கத்து வளாகத்தில், 170 மீட்டர் வேகமுள்ள 0.53 கிராம் குண்டை அதில் புதையச் சுட்டால் உருண்டை ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் பின்னால் போகும். அளவுகோலை அருகில் வைத்துக் கைப்பேசியில் படம் பிடித்தால் போதும். நாங்கள் செய்தபோது ஊசல் சொன்ன வேகமும் குரோனோகிராஃப் சொன்ன வேகமும் நூற்றுக்கு நான்கு பங்குக்குள் ஒத்துப்போயின. ஆற்றல் மாறாது என்று எண்ணிக் கணக்குப் போட்டால் மட்டும் விடை படுமோசமாகத் தப்பும், ஏனெனில் குண்டின் ஆற்றலில் 99 விழுக்காட்டுக்கு மேல் களிமண்ணை நசுக்குவதிலும் சூடாக்குவதிலுமே கரைந்துவிடுகிறது. பரீட்சையில் இந்த இடத்தில் மதிப்பெண் இழந்த என் மாணவர்கள் ஏராளம்.

கட்டுரையின் கடைசிப் பகுதியில், அமெரிக்காவில் பலர் சுட்ட தோட்டாவின் பித்தளை உறையில் தாங்களே மறுபடி வெடிமருந்து நிரப்பிக்கொள்வதைப் பற்றியும், அவர்கள் வேகத்துக்காகவே குரோனோகிராஃப் வைத்திருப்பதாகவும் வந்திருக்கிறது. நம் நாட்டில் தோட்டா செய்வதற்கு உரிமம் வேண்டும் என்பதால் அது நமக்கான பேச்சு அன்று. இருந்தாலும் அங்கே அந்தக் கருவி எதற்கு என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். தோட்டா நிரப்புவோருக்கான கையேட்டில் குறித்த மருந்தளவைப் போட்டும், கையேட்டில் உள்ளதைவிட வேகம் கூடுதலாக வந்தால் அது கொண்டாடும் செய்தி அன்று. உள்ளே அழுத்தம் எங்கோ அளவு மீறியிருக்கலாம் என்ற எச்சரிக்கை. அனுபவசாலிகள் அந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். கருவி அழுத்தத்தை அளப்பதில்லை. வேகத்தைக் கொண்டு அழுத்தத்தை ஊகிக்க மட்டுமே உதவுகிறது. எண் குறைவாக இருப்பதால் ஆபத்தே இல்லை என்றும் ஆகிவிடாது. கையேட்டைச் சோதித்த குழலின் நீளமும் நம் குழலின் நீளமும் வேறாக இருந்தாலே வேகம் மாறும்.

அந்நாட்டுப் போட்டிகளில் இன்னொரு பயனும் உண்டு. கைத்துப்பாக்கியோடு ஓடியும் நகர்ந்தும் சுடும் போட்டிகளில், கிரெய்ன் என்ற சிறிய எடை அலகில் குண்டின் எடையை விநாடிக்கு அடிக் கணக்கில் வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வரும் எண், குறைந்தது 125 இருக்க வேண்டும். போட்டி நடக்கும்போதே நடுவர்கள் தோட்டாக்களை வாங்கி, ஒன்றிலிருந்து குண்டைக் கழற்றி எடைபோட்டு, மற்றவற்றைக் குரோனோகிராஃபுக்கு மேலே சுட்டுப் பார்ப்பார்கள். 124 கிரெய்ன் குண்டு 1,009 அடி போனால் தேறும். 1,000 அடி போனால் அன்றைய உழைப்பெல்லாம் வீண்.

ஐந்தே குண்டு சுட்டுவிட்டு 'என் துப்பாக்கியின் வேகச் சிதறல் இவ்வளவுதான்' என்று மார்தட்டுவதும் அங்கேயும் இங்கேயும் நடக்கிறது. பத்து குண்டுகளுக்குத் திட்ட விலக்கம், அதாவது வேகங்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு, 3 மீட்டர் என்று வந்தால், உண்மையான விலக்கம் 2-லிருந்து 5.5 வரை எங்கும் இருக்கலாம் என்றே புள்ளியியல் சொல்கிறது. ஐந்து குண்டு என்றால் அந்த இடைவெளி 1.8-லிருந்து 8.6 வரை விரிந்துவிடும். முப்பது குண்டாவது சுடாமல் ஒரு டப்பாக் குண்டை இன்னொரு டப்பாவோடு ஒப்பிடக் கூடாது என்று பேத்தியிடம் சொன்னேன். குண்டுக்குக் காசு யார் தருவது என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். துப்பாக்கி வாங்க வரும் பெற்றோருக்கு வேகத்தைச் சொல்வதாக இருந்தால், எந்த எடைக் குண்டு, எத்தனை முறை அளந்தது, கூடியதும் குறைந்ததும் எவ்வளவு என்பதையும் சேர்த்தே சொல்லும்படி கடைக்காரர்களைக் கேட்கலாம் என்று உங்கள் இணைப்பில் ஒரு குறிப்பு வெளியிடுங்கள். அடுத்ததாக, கட்டத்தின் கடைசி வரியில் 'மணிக்கு 560 அடி' என்று இருப்பதை 'விநாடிக்கு 560 அடி' என்று திருத்துங்கள். மணிக்கு 560 அடி என்றால் எங்கள் தெரு ஆமை முந்திவிடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.